முதல்ல வந்த பை

எங்க பள்ளிக்கூடத்துச் செக்ரட்டரிக்குத் தெரிஞ்ச நியாயம் ஒண்ணே ஒண்ணுதான். அதுவும் இங்கிலீஷ்ல. "ஃபர்ஸ்ட் கம் ஃபர்ஸ்ட் சர்வ்." முதல்ல வந்தவங்களுக்கு முதல்ல. இதைத் தமிழ்ல சொன்னா நாக்கு சுளுக்கிக்கிடுமா என்ன? சொல்ல மாட்டாரு. தமிழ்ல சொன்னா எதிர்ல நிக்கவனுக்குப் புரிஞ்சிரும், புரிஞ்சா திருப்பி ஒரு கேள்வி கேப்பான். இங்கிலீஷ்ல சொன்னா தலையை ஆட்டிக்கிட்டே போயிருவான். அந்த விவரம் அவருக்கு ரொம்பவே உண்டு.

வண்ணார்பேட்டையில பஸ்ஸை விட்டு இறங்கி அஞ்சு நிமிசம் நடந்தா எங்க பள்ளிக்கூடம். கவர்மென்ட் உதவி வாங்குத பள்ளிக்கூடம்தான், ஆனா நிர்வாகம் தனியார் கையில. நான் அங்க ஆபீஸ்ல கிளார்க். பாடம் ஒண்ணும் எடுக்கதில்லை. ஆனாலும் எங்க ஊர்ல பள்ளிக்கூடத்துக்குள்ள சேலை கட்டிக்கிட்டு உக்காந்திருக்க எல்லாரும் டீச்சர்தான். பால்காரர்ல இருந்து பஸ் கண்டக்டர் வரைக்கும் என்னை டீச்சர்னுதான் கூப்பிடுவாவ. முதல்ல ரெண்டு வருசம் திருத்திப் பாத்தேன். அப்புறம் எனக்கும் அது பிடிச்சுப் போச்சு, விட்டுட்டேன்.

செக்ரட்டரி ஏதோ ஒரு ஆபீஸ்ல பெரிய வேலை பாத்து ரிட்டையர் ஆனவரு. வெள்ளைச் சட்டை, காலர்ல அழுக்குப் படாம இருக்க ஒரு கர்ச்சீப், சட்டைப்பையில ரெண்டு பேனா. ஒரு பேனா எழுதும், இன்னொண்ணு எழுதாது. அவரும் எங்களை மாதிரி சைவக் குடும்பந்தான். ஒரு காலத்துல வயலு வச்சிருந்து, வித்துத் தின்னு முடிச்சு, இப்ப சம்பளத்தையும் பென்சனையும் வச்சு மானத்தைக் காப்பாத்துத கூட்டம். எங்க அம்மா வழியில சுத்தி வளைச்சுப் பாத்தா அவரு எனக்கு மாமா முறை வேணும். ஆபீஸ்ல நான் சாருன்னுதான் கூப்பிடுவேன்.

அந்த இங்கிலீஷை அவரு எங்கதான் விட்டு வச்சாரு? ரெண்டு டீச்சர் ஒரே நாள்ல லீவு கேட்டா ஃபர்ஸ்ட் கம் ஃபர்ஸ்ட் சர்வ். லெட்டரை யாரு முதல்ல தந்தாவளோ அவியளுக்குத்தான். கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா கணக்கு டீச்சர் அவருக்கு மச்சினிச்சி. அந்தம்மா லீவு லெட்டரை முந்தின நாளு வீட்டுலயே வச்சுக் குடுத்திரும். மத்தவ விடியக்காலமே எந்திரிச்சு ஓடி வந்தாலும் ரெண்டாவதுதான். இதைச் சொல்லிச் சிரிச்சுச் சிரிச்சு ஸ்டாஃப் ரூம்ல எங்களுக்கு வயிறு வலிச்சதுதான் மிச்சம். அவரு முகத்துக்கு நேரா ஒருத்தி வாயைத் திறந்ததில்லை. நானும் திறந்ததில்லை.

ஒரு கல்யாண வீட்டுல நடந்ததை மட்டும் என்னால மறக்க முடியலை. ஜங்ஷன் பக்கம் ஒரு மண்டபம். முகூர்த்தம் முடிஞ்ச உடனே சாப்பாட்டுக் கூடத்துல ஒரே அடிதடி. நாங்களாம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கவங்க நாற்காலிக்குப் பின்னால நின்னு, அவிய எப்ப பாயசம் குடிப்பாவன்னு வாயைப் பாத்துக்கிட்டு இருக்கோம். செக்ரட்டரி வந்தாரு. காலர்ல இருந்த கர்ச்சீப்பை உருவி, காலியான ஒரு நாற்காலியில போட்டாரு, வெளிய போயிட்டாரு. போன் பேசுதாரு. கால் மணி நேரம் பேசுதாரு. இலை போட்டுத் தண்ணி தெளிச்சாச்சு. ஒரு வயசாளி, பாவம், கால் வலியோட வந்து அந்த நாற்காலியில உக்காரப் போனாரு. செக்ரட்டரி எங்க இருந்துதான் வந்தாரோ, "அண்ணாச்சி, கர்ச்சீப் கெடக்கது கண்ணுக்குத் தெரியலையாக்கும்? நான் எப்பமே வந்தாச்சு. ஃபர்ஸ்ட் கம் ஃபர்ஸ்ட் சர்வ்" அப்படின்னாரு. அந்தப் பெரியவரு கர்ச்சீப்பை ரெண்டு விரலால தூக்கி அவரு கையில குடுத்துட்டு நகந்துட்டாரு. எனக்கு எரிச்சல்னா எரிச்சல், பத்திக்கிட்டு வந்துச்சு. ஆனா ஒண்ணு, அந்தக் கூடத்துல யாரும் அவரைத் தப்புன்னு சொல்லலை. ஏன்னா எங்க ஊரு வழக்கம் அது. கர்ச்சீப் கெடந்தா ஆளு இருக்காருன்னுதான் அர்த்தம். பஸ்ஸுல சன்னல் வழியா துண்டைப் போட்டா அந்த சீட்டு துண்டுக்காரருக்கு. ரேஷன் கடையில பையை வச்சுட்டு, பறந்திராம இருக்க மேல ஒரு கல்லைத் தூக்கி வச்சுட்டா, ஆளு போயி சோறு பொங்கி இறக்கிட்டே வரலாம். பையை ஒருத்தன் தொட மாட்டான்.

இதை எதுக்கு இவ்வளவு நீட்டுதேன்னா, அந்தக் கல்யாணம் முடிஞ்சு பத்து நாளுக்குள்ள எங்க பள்ளிக்கூடத்துல பதினொண்ணாங் கிளாஸ் சேர்க்கை வந்துச்சு.

எங்க பள்ளிக்கூடத்துல பயாலஜி குரூப்புக்கு அப்படி ஒரு மவுசு. அதுல சேந்தா பிள்ளை நர்ஸாயிரும், மருந்துக் கடை படிப்பு படிச்சிரும், கெட்டிக்காரியா இருந்தா டாக்டரே ஆயிரும்னு எல்லாருக்கும் ஒரு நெனைப்பு. எங்க பிள்ளைகளுக்குக் குடுத்தது போக, வெளிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குன்னு அந்த வருசம் இருபது இடம் மிஞ்சுச்சு. செக்ரட்டரி கேட்டுல ஒரு போர்டே எழுதி மாட்டிட்டாரு. சிபாரிசு கிடையாது. மதிப்பெண் தகுதி உள்ளவர்களுக்கு வரிசைப்படி டோக்கன். அதுக்குக் கீழ, பெரிய எழுத்துல, தமிழ் எழுத்துல, அவரோட அந்த மந்திரம். போர்டு காயுததுக்குள்ள போன் வர ஆரம்பிச்சிட்டு.

யாரு யாரோ பேசினாவ. பெரிய இடம், நடுத்தர இடம், போன வருசம் சைக்கிள் ஸ்டாண்டுக்குத் தகரம் போட்டுக் குடுத்த இடம். அவரு எல்லாரிட்டயும், "இந்த வருசம் ரொம்ப ஸ்ட்ரிக்டு பாத்துக்கிடுங்க" அப்படின்னு முதல்ல ஒரு பிகு பண்ணுவாரு. அப்புறம் என் பக்கம் திரும்பி, "எழுதிக்கிடும்மா" அப்படிம்பாரு. நான் எழுதிக்கிடுவேன். ரெண்டு நாள்ல எட்டுப் பேரு சேந்துட்டு. "இவங்கள்லாம் முதல்லயே வந்துட்டாங்கல்லா. போன்ல வந்தாலும் வந்ததுதான" அப்படின்னாரு. என்னா நியாயம்! கேக்க கேக்க புல்லரிக்கும்.

இங்கன ஒண்ணைச் சொல்லிருதேன். மறைச்சு வச்சுக் கடைசியில சொன்னா நான் அவரை விடக் கேவலமாப் போவேன். அந்த எட்டுல மூணாவது பேரு என் அக்கா மக பேரு. நான்தான் போயிக் கேட்டேன். "மாமா" அப்படின்னு கூப்பிட்டுக் கேட்டேன். அத்தனை வருசத்துல அன்னைக்கு ஒரு நாளுதான் அவரை மாமான்னு கூப்பிட்டேன். அவரு சிரிச்சுக்கிட்டே, "நம்ம பிள்ளைக்கு இல்லாததா? எழுதிக்கிடு" அப்படின்னாரு. என் கையாலயே எழுதினேன். ஆக, இனிமே நான் அவரைத் திட்டுத ஒவ்வொரு திட்டுலயும் பாதியை எனக்குன்னு எடுத்து வச்சுக்கிடுங்க.

டோக்கன் குடுக்கதுக்கு முந்தின நாளு மத்தியானம் மூணு மணி இருக்கும். வெயிலு மண்டையைப் பிளக்கு. ஒரு பொம்பளை, கூட ஒரு பிள்ளை, ஆபீஸ் சன்னல்ல வந்து நின்னாவ. பொம்பளைக்கு என் வயசுதான் இருக்கும், கையெல்லாம் வயக்காட்டுச் சேறு ஏறி வெடிச்சுக் கெடந்துச்சு. சீவலப்பேரிக்காரின்னு சொன்னா. கூலி வேலை. வீட்டுக்காரரு இல்லை. பிள்ளை பத்தாங் கிளாஸ்ல வாங்கின மார்க்கைக் காட்டினா. நல்ல மார்க்கு. எங்க அக்கா மக வாங்கினதை விட நல்ல மார்க்கு. நான் அதை உடனே மனசுக்குள்ள கூட்டிக் கழிச்சுப் பாத்தேன், பாக்காம இருக்க முடியலை.

"டீச்சர், இந்தக் குரூப்புலதான் சேருவேன்னு ஒத்தக் கால்ல நிக்கா. நர்ஸுக்குப் படிக்கணுமாம். இங்கன கிடைக்கலைன்னா இவ மாமன் மில்லு வேலைக்கு அனுப்புன்னு பிடுங்கி எடுத்துருவாரு. மில்லுக்குப் பிள்ளைகளை ஏத்திட்டுப் போற வேன்காரன் ரெண்டு தரம் வீட்டுக்கு வந்துட்டுப் போயிட்டான். எப்ப வந்து நிக்கணும்னு மட்டும் சொல்லுங்க" அப்படின்னா.

"காலையில ஒம்போது மணிக்கு டோக்கன். முதல்ல வாரவியளுக்கு முதல்ல" அப்படின்னேன்.

அவ யோசிச்சா. டவுன்காரங்க விடியும்போதே வந்திருவாவ, எங்க ஊர்ல முதல் பஸ்ஸே ஆறரைக்குத்தான், அதுவும் வந்தா உண்டு வராட்டி இல்லைன்னா. அப்புறம், "இப்பமே வந்துட்டோம்லா டீச்சர், இன்னும் ஒரு ஆளும் வரலைல்லா. நான் பையை வச்சிட்டுப் போறேன். சாயந்திரம் நாத்துப் பறிக்கப் போணும், சொன்ன வேலையை விட முடியாது" அப்படின்னா.

நான் என்ன சொல்லியிருக்கணும்? "எம்மா, இது ரேஷன் கடை இல்லை, இங்கன பை செல்லாது. இருவதுல எட்டு ஏற்கனவே போயிட்டு. எப்படியாவது டவுன்ல ஒரு சொந்தக்காரங்க வீட்டுல தங்கி, விடியும்போது வந்து நில்லு" அப்படின்னு சொல்லியிருக்கணும். ஒரு நிமிசப் பேச்சு. நான் என்ன சொன்னேன்? "சரி, வச்சிட்டுப் போங்க" அப்படின்னேன். எனக்கு டீ வந்துட்டு, ஆறிரும்.

அவ கேட்டுப் பக்கம் போயி ஒரு மஞ்சப்பையை வச்சா. ஏதோ கல்யாணத்துல குடுத்த தாம்பூலப் பை. உள்ள பிள்ளையோட மார்க் ஷீட் ஜெராக்ஸ், பிளாஸ்டிக் கவர்ல போட்டு. சுவரோரமா கட்டட வேலைக்குக் கொட்டிக் கெடந்த குவியல்ல ஒரு அரைச் செங்கலை எடுத்து, "இதை எடுத்துக்கிடட்டா டீச்சர்?" அப்படின்னு அங்கன இருந்தே கேட்டா. அரைச் செங்கலுக்கு உத்தரவு கேக்கா! நான் கையை ஆட்டினேன். பை மேல செங்கலை வச்சு, நல்லா அமுக்கிப் பாத்துட்டு, பிள்ளையைக் கூட்டிக்கிட்டு பஸ்ஸுக்குப் போனா. அந்தப் பிள்ளை ரெண்டு தரம் திரும்பி பையைப் பாத்துச்சு.

மறுநாள் நான் எட்டு மணிக்கெல்லாம் போயிட்டேன். கேட்டுக்கு வெளிய ஒரே கூட்டம், ஒரு அம்பது பேரு இருக்கும். வரிசையில முதல்ல அந்தப் பை. செங்கலோட, வச்சது வச்ச மேனிக்கு. அதுக்குப் பின்னால சைக்கிள் கடை வச்சிருக்க ஒருத்தரு, அவரு மகளுக்காக விடியுததுக்கு முன்ன இருந்தே நிக்காராம். நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே வாட்ச்மேன், "மெயின் கேட்டுல பிள்ளைக வருதுக, எல்லாரும் பக்கத்துச் சின்ன கேட்டுக்குப் போயி நில்லுங்க" அப்படின்னு கத்தினான். கூட்டம் குலைஞ்சு ஓடுச்சு. அந்தச் சைக்கிள் கடைக்காரரு என்ன செஞ்சாருங்கிய? குனிஞ்சு, பையையும் செங்கலையும் சேத்து ரெண்டு கையால தூக்கி, மெல்ல நடந்து போயி சின்ன கேட்டுக்கு முன்னால வச்சாரு. வச்சுட்டு அதுக்குப் பின்னால தான் நின்னாரு. ஆளில்லாத பைதான். தூக்கி எறிஞ்சிருந்தா அவருதான் முதல் ஆளு. அவருக்கு அப்படித் தோணவே இல்லை. அந்த வரிசையில எவருக்குமே தோணலை.

எட்டரைக்குச் செக்ரட்டரி வந்தாரு. பையைப் பாத்தாரு. "இது என்ன குப்பை?"

"ஆளு வருவாவ சார், இடம் போட்டிருக்காவ" அப்படின்னாரு சைக்கிள் கடைக்காரரு.

"பை வந்து படிக்கப் போகுதா? நேர்ல நிக்க ஆளுக்குத்தான் டோக்கன்" அப்படின்னு சொல்லிட்டு என்னைப் பாத்து, "இதை எடுத்து உள்ள போடும்மா" அப்படின்னாரு.

காலர்ல கர்ச்சீப். அதே கர்ச்சீப். பத்து நாளைக்கு முன்னால கல்யாண மண்டபத்துல ஆளா உக்காந்திருந்த அதே கர்ச்சீப். எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். செங்கலை ஓரமாத் தள்ளிட்டு, பையை எடுத்துக்கிட்டுப் போயி என் மேசைக்கு அடியில வச்சேன்.

ஒம்போது மணிக்குச் சின்ன கேட்டைத் திறந்து விட்டு, ஆபீஸ் சன்னல் வழியா டோக்கன் குடுக்க ஆரம்பிச்சோம். பழைய காலண்டர் அட்டையை வெட்டி, பின்னால பள்ளிக்கூட சீலு குத்தி, நான்தான் ஸ்கெட்ச் பேனாவால நம்பர் போட்டு வச்சிருந்தேன். சைக்கிள் கடைக்காரரு முதல் டோக்கனை வாங்கிப் பாத்தாரு. திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "டீச்சர், ஒம்போதுன்னு போட்டிருக்கு?"

நான் செக்ரட்டரியைப் பாத்தேன். அவரு கண்ணைக் கூடச் சிமிட்டலை. "மத்தவங்க ஆன்லைன்ல வந்துட்டாங்க" அப்படின்னாரு. எங்க பள்ளிக்கூடத்துல அன்னைக்கு வரைக்கும் ஆன்லைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல நெட்டு வாரதே அதுக்கு மனசு இருந்தாத்தான். அந்த வெளங்காத பேச்சைக் கேட்டுக்கிட்டு சைக்கிள் கடைக்காரரு ஒம்போதாம் நம்பரை மடிச்சுச் சட்டைப்பையில வச்சாரு.

பத்து பேருக்குக் குடுத்திருப்போம். ஓடி வந்தா சீவலப்பேரிக்காரி. பிள்ளை பின்னால. ஆறரை பஸ்ஸு வரலையாம், அடுத்த பஸ்ஸுலதான் தொத்திக்கிட்டு வந்திருக்கா. நேரா மெயின் கேட்டுக்குப் போனா, அங்க பை இல்லை. சின்ன கேட்டுக்கு வந்தா, அங்கயும் இல்லை. ஓரமாக் கெடந்த செங்கலை மட்டும் அடையாளம் கண்டுக்கிட்டா. அதைக் கையில எடுத்துக்கிட்டே, "எம் பை எங்க? இங்கன பை இருந்துச்சே?" அப்படின்னு ஒவ்வொருத்தர் முகமாப் பாக்கா.

"ஆமா சார், இந்தம்மா பைதான் முதல்ல இருந்துச்சு. நான் வரும்போதே இருந்துச்சு" அப்படின்னாரு சைக்கிள் கடைக்காரரு. டோக்கன் வாங்கியாச்சு, வீட்டுக்குப் போயிருக்கலாம். போகாம நின்னு சொன்னாரு.

செக்ரட்டரி அவரைப் பாத்து இனிக்க இனிக்கச் சிரிச்சாரு. "அப்படியா? ரொம்ப நல்லது. அப்ப உங்க டோக்கனை அவங்களுக்குக் குடுத்துருங்களேன்."

அந்த மனுசன் முகம் செத்துப் போச்சு. பக்கத்துல அவரு மக நிக்கா. சட்டைப்பையைக் கையால பொத்திக்கிட்டாரு. அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

"அம்மா, இங்க ஃபர்ஸ்ட் கம் ஃபர்ஸ்ட் சர்வ்" அப்படின்னாரு செக்ரட்டரி.

"அப்படின்னா என்னய்யா?" அப்படின்னா அவ.

ஆத்தாடி! இத்தனை வருசத்துல அவருகிட்ட அப்படி ஒருத்தரு கேட்டு நான் பாத்ததே இல்லை. அவரு காலர் கர்ச்சீப்பைச் சரி பண்ணிக்கிட்டாரு. அப்புறம் வேற வழியில்லாம, "முதல்ல வந்தவங்களுக்கு முதல்ல" அப்படின்னு தமிழ்ல சொன்னாரு.

"அப்ப நாந்தான முதல்ல வந்தேன்? நேத்து மூணு மணிக்கே வந்தேம்லா. பையை வச்சிட்டுப் போங்கன்னு டீச்சர்தான சொன்னாவ. அவியகிட்ட கேளுங்க."

எல்லாரும் என்னைப் பாத்தாவ. வரிசையில நிக்க அத்தனை பேரும், வாட்ச்மேனும், அந்தப் பிள்ளையும். செக்ரட்டரியும் மெல்ல என் பக்கம் திரும்பினாரு. "நீங்க நேத்து இருந்தீங்கள்லா? இவங்க வந்தாங்களா?" கேக்கும்போதே விரலால மேசை மேல இருந்த லிஸ்டை ஒரு தட்டுத் தட்டினாரு. வேற எங்கயும் தட்டலை. மூணாவது பேரு பக்கத்துல.

ஆமான்னு ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா என் வேலை போயிருக்குமா? போயிருக்காது. அக்கா மக இடம் போயிருக்கலாம். அக்கா என்னைக் கரிச்சுக் கொட்டியிருப்பா. அவ்வளவுதான். அவ்வளவுதான்னு இப்ப சொல்லுதேன்.

"நான் கவனிக்கலை சார்" அப்படின்னேன்.

சீவலப்பேரிக்காரி என்னையே பாத்தா. சண்டை போடுவான்னு நெனைச்சேன். நறுக்குன்னு நாலு வார்த்தை கேப்பா, கேக்கட்டும்னு இருந்தேன். கேக்கலை. "அப்ப எம் பையைக் குடுங்க டீச்சர்" அப்படின்னா.

பை என் மேசைக்கு அடியில இருக்கு. கவனிக்காத பை. நான் குனிஞ்சு எடுத்தேன். குனிஞ்ச தலை நிமிரவே மாட்டேன்னுட்டு. சன்னல் கம்பிக்கு நடுவுல நீட்டினேன். வாங்கி, உள்ள மார்க் ஷீட் இருக்கான்னு பாத்தா. அப்புறம் கையில வச்சிருந்த அரைச் செங்கலைக் கொண்டு போயி, முந்தின நாளு எடுத்தாள்லா, அதே குவியல்ல, அதே இடத்துல வச்சிட்டு வந்தா. பிள்ளை மட்டும் நகராம என் சன்னல் முன்னால நின்னுக்கிட்டு இருந்துச்சு. அழலை. என்னையும் என் மேசைக்கு அடியிலயும் மாத்தி மாத்திப் பாத்துச்சு. அம்மா வந்து கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனா.

செக்ரட்டரி, "இந்த ஜனங்களுக்கு ஒரு டிசிப்ளின் கிடையாது" அப்படின்னுட்டு அடுத்த டோக்கனை எடுத்தாரு.

அன்னைக்குச் சாயந்திரம் அக்கா வீட்டுல இருந்து அல்வா வந்துச்சு. சாப்பிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு, அந்தச் சவம் அல்வா.

அதுக்குப் பிறகு ரெண்டு வருசம். செக்ரட்டரி இன்னும் செக்ரட்டரியாத்தான் இருக்காரு. போர்டு வெயில்ல வெளுத்துட்டுன்னு புதுசா எழுதி மாட்டியாச்சு. நான் ஸ்டாஃப் ரூம்ல அவரைப் பத்தி இன்னும் வாய் வலிக்கப் பேசுதேன், எல்லாரும் சிரிக்காவ. அக்கா மக பன்னெண்டாங் கிளாஸ் பாஸ் பண்ணினா. ஓகோன்னு இல்லை, பாஸ் பண்ணினா. பயாலஜி அவளுக்கு ஒத்து வரலையாம், இப்ப பி.காம் சேந்திருக்கா. அவ பாஸாகணும்னு நான் சீவலப்பேரி அம்மன் கோயிலுக்கு விளக்குப் போடுததா நேந்திருந்தேன். வேற கோயிலே இல்லாத மாதிரி அந்த ஊரைப் போயி நேந்திருக்கேன் பாருங்க. புத்திக்குத் தெரிஞ்சதோ இல்லையோ, வாய்க்குத் தெரிஞ்சிருக்கு.

அந்த விளக்கைப் போடத்தான் இன்னைக்கு ஜங்ஷன்ல பஸ் ஏறினேன். பொம்பளையளுக்கு டிக்கெட் இல்லாத பஸ்ஸு, சாயந்திர நேரம், கடை விட்டுப் போற பிள்ளைக கூட்டம் வேற. பஸ்ஸு வந்து நிக்கதுக்குள்ள நாலு பக்கமும் தொங்குதாவ. நான் என்ன செஞ்சேன்? எல்லாரும் செய்யததுதான். சன்னல் வழியாக் கையை விட்டு, எண்ணெயும் திரியும் வச்சிருந்த பையை ஒரு சீட்டுல போட்டேன். போட்டுட்டு, முன்வாசல்ல முட்டி மோதி ஏறதுக்குள்ள மூச்சு வாங்கிட்டு. உள்ள நிக்கக் கூட இடம் இல்லை. என் பை கெடந்த சீட்டு மட்டும் காலியா இருக்கு.

அந்த சீட்டுப் பக்கத்துல ஒரு பிள்ளை கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. ஜவுளிக் கடையில குடுப்பாவள்லா, ஒரே மாதிரி சேலை, அதைக் கட்டியிருந்தா. காலையில இருந்து நின்னு நின்னு காலு வீங்கி, செருப்பு வாரை அவுத்து விட்டிருந்தா. ஒரு அம்மா என் பையைத் தள்ளிட்டு உக்காரப் போகுது. இவ குறுக்க கையை நீட்டி, "பை கெடக்கது தெரியலையா? ஆளு வருவாவ" அப்படின்னு அந்தம்மாவை நிப்பாட்டுதா.

நான் பக்கத்துல போனேன். அவ திரும்பினா. அதே கண்ணு. சன்னல் கம்பிக்கு வெளிய நின்ன கண்ணு. அவளுக்கும் ஆளு தெரிஞ்சிட்டு. முகத்துல ஒரு நிமிசம் என்னமோ வந்துட்டுப் போச்சு. கோபம்னு இருந்திருந்தா எனக்குப் பிடிச்சு நிக்க ஒண்ணு கிடைச்சிருக்கும். அவ குனிஞ்சு சீட்டுல கெடந்த பையை எடுத்து, எண்ணெய் சிந்தியிருக்கான்னு பாத்துட்டு, ரெண்டு கையாலயும் என்கிட்ட நீட்டினா.

"உக்காருங்க டீச்சர். உங்க பையை யாரும் எடுக்கலை" அப்படின்னா.

நான் உக்காந்தேன். சீவலப்பேரி வாரது வரைக்கும் அவ நின்னுக்கிட்டேதான் வந்தா. எந்திரிச்சு, நீ உக்காரும்மான்னு சொல்லணும், ஒரு வார்த்தைதான். அன்னைக்கு மாதிரியே இன்னைக்கும் அந்த ஒரு வார்த்தை என் வாயில இருந்து வரலை.